சேரின் ஓரங்குலப் படம்

வியாழன்: கோட்டையிலிருந்து பேராதனை

ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை, போதாததற்குக் கண்டியில் எசல பெரஹரா ஊர்வலத் திருவிழா. கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் பெட்டிக்குள் கால் வைக்க இடம் கிடைத்ததே பெரிய விஷயம். எனக்கு வலது பக்க யன்னலும் கிடைத்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பத்தலேகலக் குன்றும் அதன் கீழ் விரியும் பள்ளத்தாக்கும் அந்தப் பக்கம்தான் தெரியும்.

றம்புக்கணை தாண்டியதும் ரயிலின் சத்தம் மாறுகிறது. 44 அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏறும் பாதை அது. 1867இல் கண்டிவரை ரயில் வந்தது கோப்பி மூட்டைகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே 1867இல்தான். கோப்பிக்காகப் போட்ட பாதையில் தேயிலை வந்து ஏறிக்கொண்டது.

இந்த ஏற்றத்தில் எப்போது வந்தாலும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் புவியியல் படிப்பித்த சேரின் குரல் காதில் விழும். "ஐசே, படி ஏறுறம். இது எத்தினையாவது படி?" இலங்கையின் நிலம் மூன்று தளங்களாக அடுக்கியிருக்கிறது என்று 1929இல் எழுதியவர் அடம்ஸ் என்ற புவிச்சரிதவியலாளர். அரிப்பினால் உண்டான தளங்கள் என்றார் அவர். 1940களில் வாடியா வந்து, இல்லை, நிலத்துண்டுகள் பிளவுகள் வழியே மேலே தள்ளப்பட்டதால் வந்த படிகள் என்றார். சேர் இரண்டு பேருடைய வாதத்தையும் கரும்பலகையில் எழுதுவார். பிறகு சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் சொல்லமாட்டன். ரயிலிலை போய்ப் பாத்திட்டு வந்து நீங்கள் சொல்லுங்கோ" என்பார். பரீட்சைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்போம்.

இதற்கு நேர் எதிராக நோட்ஸ் சொல்லும் விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். நிறுத்தி, நிதானமாக, கமா எங்கே முற்றுப்புள்ளி எங்கே என்றுகூடச் சொல்லி எழுதுவிப்பார். மண்டபம் நிரம்பி வழியும். எங்கள் பட்ச்சில் அவருக்குத்தான் மவுசு. நல்ல மனிதர். அவர் பாடத்தில் எனக்கு வந்த புள்ளிகளும் நல்ல புள்ளிகள்தான். ஆனால் அந்தக் கொப்பியிலிருந்து ஒரு வரி சொல் என்று இப்போது யாராவது கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை.

சேர் ஓய்வுபெற்றுக் கண்டிக்கு வெளியே இருக்கிறார். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர் எங்களை வெளிக்கள வேலைக்குக் கூட்டிப்போன அதே ரயில் பாதையில் ஹப்புத்தளைவரை போவதாகத் திட்டம்.

வெள்ளி: பேராதனை

காலையில் கம்பஸுக்குள் நடந்தேன். கலஹா வீதியின் இருபுறமும் மரங்கள், பின்னால் ஹந்தானை மலை, கீழே மகாவலி. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் இங்கே குடிபெயரத் தொடங்கியது. முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். இந்த இடத்தைக் கண்டவர்கள் எல்லோரும் எழிலைப் பற்றித்தான் பேசுவார்கள். அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. மலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, வருகிற பிள்ளைக்கு இந்த மலை புதிதில்லை, ஆனால் இங்கே தன் மலையைப் பற்றிப் பேச நா எழாது. எங்கள் காலத்தில் மலையகப் பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான். "எவ்விடம்?" என்று கேட்டால் பக்கத்து டவுணின் பெயரைச் சொல்லுவோம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை. தோட்டத்தின் பெயர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அந்த ஒளிப்பை உடைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சேர். மற்றவர் தமிழ்த்துறையில் எங்களுக்குத் துணைப்பாடம் எடுத்த மிஸ்.

மிஸ்ஸை நினைத்ததும் கால் தானாகவே திறந்தவெளி அரங்குப் பக்கம் போனது. எல்லோரும் 'வள' என்று சொல்கிற அந்தப் பள்ளத்தில் படிக்கட்டுகள் ஈரமாக இருந்தன. இங்குள்ள தமிழ்த்துறையின் வரலாறு ஒரு நீண்ட சங்கிலி. 1943இல் சுவாமி விபுலாநந்தர் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் அவர் மறைந்த பிறகு க. கணபதிப்பிள்ளை அந்த இடத்துக்கு வந்தார். பண்டிதத் தமிழ் கோலோச்சிய காலத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியில் நாடகம் எழுதிய பேராசிரியர் அவர். பின்னால் வந்தவர்களில் ஒருவர் சு. வித்தியானந்தன். 1960களில் மட்டக்களப்புக் கிராமங்களின் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவர்களை ஆடவைத்து மேடையேற்றினார். விடிய விடியக் களரியில் ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினார். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. ஆனால் படித்த தமிழர் கூத்தை மரியாதையுடன் பார்க்கத் தொடங்கியது அவருக்குப் பின்னால்தான். திறனாய்வாளர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் இங்கே மாணவர்களாக இருந்தவர்கள். கைலாசபதி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். அது தனிப் பல்கலைக்கழகமான பிறகு முதல் துணைவேந்தராக இருந்தவர் அவருடைய ஆசிரியர் வித்தியானந்தன்.

இதையெல்லாம் மிஸ் ஒரு மணித்தியாலத்தில் சொல்லி முடித்தார். நாங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று பின்வரிசையில் இருந்த எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "மட்டக்களப்புக் கூத்தை எழுதியாச்சு, மன்னார்க் கூத்தை எழுதியாச்சு. உங்கட லயத்துக்குப் பின்னால தப்படிச்சு ஆடுறாங்களே காமன் கூத்து, அதை எழுத ஆரைக் கூப்பிடப் போறீங்கள்?" என்று கேட்டார். வகுப்பு முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சூடேறியது. பக்கத்தில் இருந்த என் அறைத்தோழன் எழுந்து நின்று, "நாங்களே எழுதுறோம் மிஸ்" என்றான். அவனைப் பார்க்கத்தான் நாளைக்கு ஹட்டன் போகிறேன். மிஸ் இப்போது இல்லை.

பின்னேரம் சேர் வீடு. சாரத்தோடு வாசலில் நின்றார். முழங்கால் சரியில்லையாம், கைத்தடி வந்திருக்கிறது. "வாரும், வாரும். பொன்னாடை ஏதும் கொண்டுவந்திருந்தால் அதை வாசலிலை வைச்சிட்டு வாரும்." என் கையில் இருந்தது கொழும்பில் வாங்கிய பிஸ்கட் பெட்டி மட்டும். இந்தப் பொன்னாடைக் கலாசாரம் அவருக்கு ஆகாது. எனக்கும் ஆகாது. ஆசிரியரைப் போற்றுகிறோம் என்று மேடையில் ஏற்றித் துணியால் மூடிவிட்டு, அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது படிக்காமல் வீடு திரும்புகிற கூட்டத்தை எத்தனையோ தரம் பார்த்தாயிற்று.

தேத்தண்ணி வந்தது. சேர் அலுமாரியிலிருந்து ஒரு சுருளை எடுக்கச் சொன்னார். விரித்தேன். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படம், மைலுக்கு ஓரங்குலம். மடிப்புகளில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. எங்கள் முதலாம் வருடத்தில் மேசையில் விரித்த அதே படத்தாள்.

அன்றைக்கு நடந்தது இது. சேர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஊரைக் கேட்டார். நான் வழக்கம்போல டவுணைச் சொன்னேன். "டவுண் எனக்குத் தெரியும் ஐசே. எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்? படத்திலை காட்டும்." காட்டினேன். "உம்மடை லயம் எங்கை?" சின்னக் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. விரல் வைத்தேன். "துரை பங்களா எங்கை?" அதுவும் கிடைத்தது. "இப்ப சமவுயரக் கோடுகளைப் பாத்துச் சொல்லும். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" பங்களா மலைமுனையில், நாலு பக்கமும் நீர் வடியும் மேட்டில் இருந்தது. எங்கள் லயம் கோடுகள் நெருங்கி இறங்கி வந்து உள்ளே வளையும் பள்ளத்தில், ஓடை ஓரத்தில். பிறந்து வளர்ந்த இடம். மாரி வந்தால் அம்மா ஏன் இரவில் தூங்காமல் கதவோரம் குந்தியிருப்பார் என்பது அந்த மேசையில்தான் எனக்கு விளங்கியது. சேர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. "எழுதும்" என்றார். நான் எழுதிய முதல் உருப்படியான கட்டுரை என் லயத்தைப் பற்றியது. அதன்பிறகு யார் கேட்டாலும் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறேன்.

இன்று சேர் என்னைப் பாராட்டவும் இல்லை, பழையதை நினைத்து உருகவும் இல்லை. "மண்சரிவைப் பற்றி நாங்கள் எவ்வளவு எழுதினம். எல்லாம் இங்கிலிசிலை. லயத்திலை இருக்கிற சனத்துக்கு ஆர் போய்ச் சொன்னது?" என்றார். நான் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன், பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். "பாடத்திட்டத்துக்கு வெளியிலை என்ன செய்யிறீர்?" என்று அடுத்த கேள்வி. எண்பது வயதிலும் வைவா வைக்கிறார். கிளம்பும்போது, "கொஸ்லந்தைப் பக்கம் போறீரெண்டால் எனக்கொரு வேலை செய்யும். இந்தக் கால் இனி ஏறாது" என்றார். ஒரு சரிவைப் பார்த்து வரவேண்டும்.

சனி: ஹட்டன்

நாவலப்பிட்டி தாண்டியதும் மழை. தென்மேற்குப் பருவம் இன்னும் விடவில்லை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை வாங்கும் பக்கம் இது. 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் நிலம் நகர்ந்து ரயில் பாதையையே அசைத்தது. வெளிக்கள வேலையின்போது சேர் அங்கே எங்களை இறக்கி, மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று கணக்கெடுக்க வைத்தார். அடிமரம் வளைந்து நுனி நேராக நின்றால் நிலம் மெல்ல மெல்ல நகர்கிறது என்று அர்த்தம். இன்று பெட்டியில் எல்லோரும் போனை வெளியே நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மரம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஹட்டன் நிலையத்தில் நண்பன் குடையோடு நின்றான். இப்போது ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர். தலை நரைத்துவிட்டது. "என்னா மச்சான், கொழும்புக்காரன் மாதிரி ஜெர்சி எல்லாம் போட்டுட்டு வர்ற" என்றான். அவன் வீட்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும். வயிறு நிறைந்தபின் பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தான். உள்ளே முழுக்க ஒலிநாடாக்கள்.

மிஸ்ஸுக்குக் கொடுத்த வாக்கை அவன் விடவில்லை. மாசி மாதம் மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து தொடங்கும் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போயிருக்கிறான். சிவன் மன்மதனை எரிக்கும் இரவு, ரதி புலம்பும் பாட்டு, தப்பு அடிப்பவர் தாளத்தை மாற்றும் இடம் எல்லாம் பதிவில் இருக்கின்றன. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும்கூட இருக்கின்றன. பாடிய கூத்து வாத்தியார்களில் அநேகம் பேர் இப்போது உயிரோடு இல்லை. ஒரு நாடாவைப் போட்டான். நடுவில் யாரோ "ஏய், லைட்ட இங்கன காட்டு" என்று கத்துவதும் கேட்டது. இதையெல்லாம் கணினிக்கு மாற்றும் வேலையைத் தன் பாடசாலைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறான். பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இது நம்ம தாத்தாங்களா சேர்?" என்பதாம்.

மாலையில் டவுணுக்கு இறங்கி ஹைலன்ஸ் கல்லூரிப் பக்கம் நடந்தோம். மலையகத்தில் ஆசிரியர் பரம்பரை என்று பேச்செடுத்தால் இர. சிவலிங்கத்தைத் தொடாமல் போக முடியாது. இந்தக் கல்லூரியில் படிப்பித்து, அதிபராகவும் இருந்து, ஒரு தலைமுறை இளைஞர்களுக்குத் தங்கள் சமூகத்தைப் பற்றிப் பேசும் துணிவைக் கொடுத்தவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையகத் தமிழரான எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. அப்படியொரு காலத்தில் வகுப்பறையில் நிமிர்ந்து நின்ற ஆசிரியருக்கு இருந்த மதிப்பு வேறு. பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்ததே இப்படியானவர்கள் வெட்டிக் கொடுத்த பாதையில்தான். பேராசிரியர்களைப் பற்றி எழுதும்போது அவர்களிடம் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த பாடசாலை வாத்தியார்களை நாங்கள் விட்டுவிடுகிறோம் என்று நண்பன் குறைப்பட்டான். அவன் சொல்வதும் சரி.

ஞாயிறு: ஹப்புத்தளை, கொஸ்லந்தை

காலையில் சிங்கமலைச் சுரங்கம், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா. எல்லாம் மூடுபனிக்குள் போய்விட்டன. பட்டிப்பொலை நிலையம் 1,891 மீற்றர் உயரம், அகலப் பாதையில் இதைவிட உயர்ந்த நிலையம் இலங்கையில் இல்லை. அதைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும். அதற்குள் நுழையும்வரை மழை, வெளியே வந்ததும் வெயில். தென்மேற்குக் காற்று ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. அந்த வறட்சியில்தான் ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணம் வருகிறது. வெளிக்கள வேலையன்று சேர் சுரங்கத்துக்கு முன்னால் எல்லோரையும் கொப்பியில் ஒரு கோடு போடச் சொன்னார். இடப்பக்கம் சுரங்கத்துக்கு முன் கண்டது, வலப்பக்கம் பின் கண்டது. இன்றும் மேற்கே மழை, கிழக்கே வெயில். எதிரே இருந்த சின்னப் பையனிடம், "இப்ப பாரு, வெயில் வரும்" என்று சொல்லிவைத்தேன். வந்தது. அவன் என்னை மந்திரவாதியைப் போலப் பார்த்தான். காரணத்தைச் சொன்னதும் ஆர்வம் குறைந்துவிட்டது. பரவாயில்லை.

ஹப்புத்தளையில் மூன்றாவது படி முடிகிறது. மலை சட்டென்று அறுந்து விழ, கீழே தென்பகுதிச் சமவெளி விரிகிறது. அடம்ஸா வாடியாவா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. சேர் நேற்று முன்தினம் கேட்டபோதும் அதையே சொன்னேன். சிரித்தார்.

பெரகலைச் சந்தியில் பஸ் மாறிக் கொஸ்லந்தை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை இங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்த பெற்றோர் பலர் மண்ணுக்குள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. இப்போது சரிவு முழுக்கப் புல்லும் செடியும். தெரியாதவர்களுக்கு அது வெறும் பச்சை மலை. முன்னைய சரிவுகளில் இறங்கிய மண் அடிவாரத்தில் தளர்வாகக் குவிந்திருக்கும், நீர் உள்ளே போனால் அதுவே மறுபடி நகரும் என்று சேர் படிப்பித்தது இந்தப் பக்கத்தை மனதில் வைத்துத்தான். நாங்கள் படித்து முடித்துப் பல வருடங்களுக்குப் பிறகு இது நடந்தது. அன்றைக்குச் செய்தியைக் கேட்டதும் சேருக்கு அழைத்தேன். நெடுநேரம் அவர் பேசவே இல்லை.

அவர் பார்க்கச் சொன்ன சரிவு இன்னொரு தோட்டத்தில். பெயர் வேண்டாம். லயத்து வாசலில் ஓர் அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார். விசாரித்தேன். "மேல ஒரு ஊத்து இருக்குங்க தம்பி. முன்ன இல்ல. போன மழைக்கு வந்துச்சு, இன்னும் நிக்கல" என்றார். அவரே முன்னால் நடந்து கூட்டிப்போனார். நான் அடியை எண்ணிக்கொண்டு பின்னால் போனேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. பக்கத்தில் இரண்டு சவுக்கு மரங்கள் சாய்ந்திருந்தன. வெடிப்பு என் கண்ணுக்குப் படவில்லை. புதிதாக ஊற்று வருவது, இருந்த ஊற்று திடீரென்று வற்றுவது, தெளிந்த நீர் கலங்குவது, சுவரில் வெடிப்பு, கதவு நிலையில் இறுகுவது, இவற்றில் எது நடந்தாலும் மழை நேரத்தில் அங்கே தூங்கவேண்டாம் என்றேன். அம்மா உடனே, "மூணாவது காம்பிராக் கதவு ஆறு மாசமா சாத்த முடியலங்களே" என்றார்.

போய்ப் பார்த்தேன். முடியவில்லைதான்.

பண்டாரவளை விடுதியிலிருந்து இரவு சேருக்கு அழைத்தேன்.

"ஊத்து லயத்துக்கு மேலையோ கீழையோ?"

"மேலே, சேர். 140 அடி வைத்தேன்."

"உம்மடை அடியோ, என்ரை அடியோ?"

"என்னுடையது சேர். பழைய அளவுதான்."

"தண்ணி?"

"தெளிவு. ஆனால் ஒரு காம்பிராவின் கதவு இறுகுது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கடகடவென்று வந்தது. "கிராம உத்தியோகத்தரிட்டை நாளைக்குக் காலமையே போம். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும். அதைத் தமிழிலையும் எழுதி லயத்திலை ஒரு பிரதி குடும், தோட்டத் தலைவரிட்டை ஒண்டு குடும். குறுக்குவெட்டு ஒண்டு கீறி எனக்கு அனுப்பும். அளவுத்திட்டம் போட மறந்திடாதையும், நீர் முந்தியும் மறக்கிற ஆள்."

நாளைக்குப் பதுளை போவதாக இருந்தது. போகவில்லை. கடை திறந்ததும் வரைபுத்தாள் வாங்கவேண்டும். ஹட்டன் நண்பனுக்கும் செய்தி அனுப்பினேன். கடிதத்தின் தமிழைத் தான் பார்த்துத் தருவதாகச் சொல்கிறான். "தலைவர்கிட்ட குடுக்கிற பிரதியில 'மேற்படி' 'கீழ்க்குறித்த' எல்லாம் போட்டுக் கொல்லாத" என்றும் எழுதியிருக்கிறான்.